வாய்க்குள் படிக்கத் தெரியாதவர்

கொப்பரைத் தோட்டம்,
கோலசிலாங்கூர்.
12.5.1985

கங்கா ஆயிக்கு,

எழுதுவது ஐயாவு. நானேதான் எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. காலையில் பசியாறிவிட்டு உட்கார்ந்தவன், இப்போது வெயில் சாய்ந்துவிட்டது, இன்னும் முதல் பக்கத்தில்தான் இருக்கிறேன். என் பெயரின் முதல் எழுத்துக்குள்ளேயே கை வலித்துவிடுகிறது. இத்தனை வளைவுள்ள ஓர் எழுத்தைக் கொண்டுபோய்ப் பால்மரம் வெட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு ஏன் வைத்தார்களோ.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் கண்ணில் படுவதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் வருடக்கணக்காகச் சீனி போட்டு வைத்திருக்கும் டின்னில் காப்பித்தூள் என்று எழுதியிருக்கிறது. இத்தனை நாள் அது பொய் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கோயில் சுவரில் கட்டடத்துக்குக் கொடுத்தவர்கள் பெயர்கள் உள்ளன. அதில் என் மனைவி வள்ளியம்மா பெயரும் இருக்கிறது. அவள் கொடுத்ததை என்னிடம் சொன்னதே இல்லை. அவள் போன பிறகு அவளைப் பற்றி ஒரு புதுச் சங்கதி கிடைத்தது உன்னால்தான்.

கை பரவாயில்லை. கைக்குப் பயிற்சி கொடுக்கும் மிஸ் லிம் துணி சுற்றிக் கொடுத்த அந்தத் தடித்த பென்சிலைத்தான் பிடித்திருக்கிறேன். "சும்மா கிறுக்குங்க அங்கிள், இல்லாட்டி விரல் மடங்கிப் போயிடும்" என்று அவர் சொன்னதும், பக்கத்து நாற்காலியிலிருந்த நீ, "கிறுக்குறதுக்கு எழுதலாமே தாத்தா" என்று அ போட்டுக் காட்டியதும் நினைவிருக்கிறதா. அன்றைக்குக் கொப்பரைச் சூளையில் எனக்குத் தலை சுற்றாமல் இருந்திருந்தால், சிரட்டை நெருப்பில் கை ஊன்றி விழாமல் இருந்திருந்தால், நான் படிக்காதவனாகவே செத்திருப்பேன். பெருவிரலில் ரேகையும் அழிந்துவிட்டது. ஆபீஸ் கிராணி மையைத் தடவி அழுத்திப் பார்த்தார், வெறும் கறுப்பு வட்டம்தான் விழுந்தது. இனி நான் கைநாட்டு வைக்க நினைத்தாலும் முடியாது. எழுதித்தான் ஆக வேண்டும். எங்கள் லயத்து வீடுகளில் இதை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். அக்டோபரில் உன் கழுத்துக்கு ஆப்பரேஷன் என்று டாக்டர் சொன்னாரே, போவாய்தானே. முகவாய் நெஞ்சோடு இழுத்துக்கொண்டு, நீ தரையைப் பார்த்தே நடந்தது என் கண்ணுக்குள் நிற்கிறது. தொடையிலிருந்து தோள் எடுத்துக் கழுத்தில் வைப்பார்கள் என்று சொன்னார்கள். உன் தோளை ஏற்கெனவே நிறைய எடுத்துவிட்டார்கள். என் தொடையில் நல்ல தோள் இருக்கிறது. கறுப்பு, கொஞ்சம் சுருக்கம். வேண்டுமென்றால் டாக்டரிடம் கேள், நான் தருகிறேன்.

ஐயாவு


அம்பாங் பெச்சா,
கோலகுபு பாரு.
30.5.1985

அன்புள்ள தாத்தா,

உங்கள் கடிதத்தைப் பார்த்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் முறையாகச் சிரித்தேன். சிரித்தால் கழுத்து இழுக்கிறது, அதனால் கொஞ்சமாகத்தான் சிரித்தேன்.

முதலில் பாடம். உடம்பை மூடியிருப்பது தோல். சுமை தூக்குவதும் சின்னப் பிள்ளையை உட்கார வைப்பதும் தோள். நீங்கள் எழுதியதைப் படித்தால் டாக்டர் என் தொடையிலிருந்து ஒரு தோளை அறுத்துக் கழுத்தில் ஒட்டப் போகிறார் என்று வருகிறது. பத்து முறை எழுதிப் பாருங்கள். அப்புறம், உங்கள் தோல் எனக்கு ஒட்டாது தாத்தா. நான் கேட்டிருக்கிறேன். யார் கொடுத்தாலும் கொஞ்ச நாளில் கழன்றுவிடுமாம். அவரவர் தோல்தான் அவரவருக்கு நிற்குமாம்.

ஆப்பரேஷனுக்குப் போவதாக இல்லை. அங்கே போனால் மறுபடியும் கேட்பார்கள், எப்படிப் பட்டது என்று. நான் அடுப்பு என்பேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பெண்கள் வார்டில் எல்லோரும் அடுப்பு என்றுதான் சொன்னார்கள் தாத்தா. புருஷன் ஊற்றியவளும் அடுப்பு என்றாள், தானே ஊற்றிக்கொண்டவளும் அடுப்பு என்றாள். எனக்கு உண்மையாகவே அடுப்பு. என் கெட்ட நேரம் அதுதான்.

ரவாங்கில் வாடகை அறை. கூட இருந்த பிள்ளைகள் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். நான் தொழிற்சாலையில் ஓவர்டைம் முடித்து வந்து, அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோக முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தேன். திரி மங்கியது. அணைக்காமலேயே மண்ணெண்ணெய் ஊற்றினேன். நைலான் சேலை. அது எரியவில்லை, உருகி ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து, தீப்புண்ணுக்கு நல்லது என்று ஒரு பாட்டில் கிச்சாப்பை, சமையலுக்கு ஊற்றும் அந்தச் சோயாச் சாற்றை, கழுத்தில் கவிழ்த்தார். கறுப்பாக வழிந்ததைப் பார்த்து ஆஸ்பத்திரியில் முதலில் பயந்தே போனார்கள்.

எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது போகட்டும். பாலன் அண்ணன் பாதி நாள் லோரியோடு ஜொகூர் பக்கம் போய்விடுவார். லீலாவதி அண்ணி நல்லவர்தான், சோறு போடுகிறார். ஆனால் நெருப்புப் பெட்டியை அலமாரியில் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார். ஒரு காப்பி கலக்க வேண்டுமென்றாலும் அவர் கோயிலிலிருந்து வரும்வரை காத்திருக்கிறேன். ஏன் என்று அவரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. இந்த வீட்டில் எல்லோரும் என்னோடு மெதுவாகப் பேசுகிறார்கள். சத்தமாகத் திட்டினால் கூடத் தேவலை என்று இருக்கிறது.

இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் மட்டும்தான்.

கங்கா


கொப்பரைத் தோட்டம்.
16.6.1985

கங்கா ஆயிக்கு,

உன் கடிதம் வந்துவிட்டது. என் பெயருக்கு, என் வீட்டு நம்பருக்கு, தபால்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்குக் கடிதம் வருவது இதுதான் முதல் தடவை. குளித்துவிட்டு, விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்து படித்தேன்.

தோல் தோல் தோல் தோல் தோல். தோள் தோள் தோள் தோள் தோள். சரியா.

ஒவ்வொரு எழுத்தாக வாயில் போட்டு மென்றால்தான் எனக்கு அது சொல்லாகிறது. அப்படிச் சொல் சொல்லாகப் படித்து முடிக்க இரண்டு சாயங்காலம் ஆனது. அறிவிப்புச் செய்கிறவர் மாதிரி நல்ல கணீரென்று வருகிறது எனக்கு. முறுக்குச் சுட்ட இடம் வந்தபோது அடுத்த வீட்டில் வானொலியை நிறுத்திவிட்டார்கள். நெருப்புப் பெட்டி வந்தபோது அன்னம்மா சுவருக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். "யோவ், அந்த இடத்த இன்னொரு தரம் படிய்யா" என்றாள். படித்தேன். "பாவம்யா அந்தப் புள்ள. அந்த அண்ணிக்காரிக்கு ஒரு மனசு இருக்கா பாரு" என்றாள். எல்லோருக்கும் உன் மேல் ரொம்பப் பிரியம் வந்துவிட்டது.

ஆப்பரேஷனுக்குப் போ ஆயி. தள்ளிப் போட்டால் தழும்பு இன்னும் இறுகும் என்று டாக்டர் சொன்னாரே. பதில் போடு. லயமே காத்திருக்கிறது.

ஐயாவு


அம்பாங் பெச்சா.
8.7.1985

ஐயாவு அவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை கோலகுபுவில் ஒரு கல்யாணம். அண்ணி போயிருந்தார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் உங்கள் அன்னம்மாவின் தங்கை. "நீதான் நாத்தனாளுக்கு நெருப்புப் பெட்டி தராம பூட்டி வைக்கிறவளா" என்று அத்தனை பேர் நடுவில் கேட்டிருக்கிறார். அண்ணி இலையில் கை வைக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நான் ஒனக்கு என்ன கொற வச்சேன், சொல்லு. கோலசிலாங்கூர் வரைக்கும் எழுதிப் போட்டியே."

உங்களிடம் மட்டும் என்று எழுதியிருந்தேன். அந்த வரியையும் சத்தமாகத்தான் படித்தீர்களா.

இனிமேல் எழுத வேண்டாம்.

கங்கா


கொப்பரைத் தோட்டம்.
21.7.1985

கங்கா ஆயிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். திட்டுவதற்காகவாவது ஒரு பதில் போடுவாய் என்றுதான்.

ஆமாம், அந்த வரியையும் சத்தமாகத்தான் படித்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. என்னிடம் மட்டும் சொல்கிற ஒரு ஆள் இருக்கிறது என்று.

எங்கள் லயத்தை நீ பார்த்ததில்லை. இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கும் பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் ஆயுசு சொல்வார்கள். நாற்பது வருடமாக இந்தச் சுவருக்குக் கீழேதான் இருக்கிறேன். சுவர் குட்டை என்று தெரியாதா எனக்கு. தெரியும். ஆனால் கடிதம் படிப்பது பேசுவதில் சேர்த்தி என்று தோன்றவே இல்லை. மற்றவர்கள் கண்ணால் மட்டும் படிப்பதைப் பார்த்திருக்கிறேன். கிராணி பேப்பர் படிக்கும்போது வாய் அசையாது. அவர் படம் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன்.

இந்தக் கடிதத்தை எழுதும்போது வாயைப் பொத்திக்கொண்டுதான் எழுதினேன். அன்னம்மா, "என்னாய்யா, கடுதாசி வரலியா" என்று சுவர் வழியாகக் கேட்டாள். வரவில்லை என்றேன்.

ஐயாவு


கொப்பரைத் தோட்டம்.
8.9.1985

கங்கா ஆயிக்கு,

நீ பதில் போடவில்லை. தபால்காரர் இப்போது நிறுத்துவதில்லை, கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறார். நான் வாசலில் நிற்பது அவருக்கும் கஷ்டமாக இருக்கிறது போல. அதனால் அவர் வரும் நேரத்துக்கு நான் ஆற்றங்கரைக்குப் போய்விடுகிறேன்.

அங்கே வாய்க்குள் படிக்கப் பழகுகிறேன். முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தேன், மூக்கு வழியாகச் சத்தம் வந்தது. பிறகு வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு படித்தேன். உன் கடிதத்தில் முதல் வரிக்குள்ளேயே விழுங்கிவிட்டேன். ஒரு புட்டித் தண்ணீர் குடித்த பிறகுதான் தோல் பாடம் முடிந்தது. மரத்தில் இருந்த குரங்குகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கேட்டால் பரவாயில்லை, கல்யாணத்துக்குப் போகாது.

நேற்று முதல் தடவையாகத் தண்ணீர் இல்லாமல் ஒரு பக்கம் முழுதும் வாய்க்குள் படித்தேன். ஆயி, அது வேறு மாதிரி இருக்கிறது. சத்தமாகப் படித்தபோது என் குரல்தான் கேட்டது. வாயை மூடிப் படித்தபோது உன் குரல் கேட்டது. 'இந்த வீட்டில் எல்லோரும் என்னோடு மெதுவாகப் பேசுகிறார்கள்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். மூன்று மாதத்துக்கு முன்னால் அதை லயத்துக்கே படித்துக் காட்டியவன் நான். நேற்றுத்தான் அது எனக்குப் புரிந்தது.

போன வாரம் கைக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மூன்று விரல் நன்றாக நீள்கிறது. சுண்டு விரல் மடங்கியதுதான், அது இனி வராது என்றார் மிஸ் லிம். உன்னைக் கேட்டார். தெரியாது என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. மைலோவுக்கு வைத்த வெந்நீரை இழுத்துக் கொட்டிக்கொண்ட அந்தக் குழந்தை வராந்தாவில் ஓடி விளையாடுகிறது, நெஞ்சில் மட்டும் வெள்ளைத் தழும்பு. வலிப்பு வந்து குப்பை நெருப்பில் விழுந்தாரே வீரன், அவர் இல்லை. புண்ணில் சீழ் வைத்து, காய்ச்சல் இரத்தத்தில் ஏறிவிட்டதாம். அவர் கட்டிலில் இப்போது ஹரிராயாப் பெருநாளுக்கு மூங்கில் பீரங்கி சுட்ட ஒரு மலாய் இளைஞன் படுத்திருக்கிறான். அவன் நல்லபடியாகப் போவான் என்று நினைக்கிறேன், சிரித்துக்கொண்டே இருக்கிறான்.

உன் நாள் அக்டோபர் பதினாலு. நீ வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்குக் காலையில் நான் ஆஸ்பத்திரி வாசலில், பஸ் நிற்கும் பக்கம் இருப்பேன். கறுப்புக் குடை வைத்திருப்பேன். பேச வேண்டியதில்லை. கோபத்தோடேயே வரலாம்.

ஐயாவு


அம்பாங் பெச்சா.
29.9.1985

தாத்தா,

உங்கள் மூன்றாவது கடிதத்தை எரிக்கலாம் என்று எடுத்தேன். எரிக்க நெருப்புப் பெட்டி இல்லை. அதனால் படித்தேன்.

அண்ணி அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அவருக்கு இப்போது எட்டாவது மாதம். சாதம் வைப்பார், தட்டு சத்தம் போடும். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. மெதுவாகப் பேசுவது நின்றுவிட்டது.

நேற்று மத்தியானம் கேட்டுவிட்டார். "அந்தத் தோட்டத்துல இருக்குறவுங்க ஒன்னப் பாத்தது கூடக் கெடயாது. அவுங்கல்லாம் நம்புறாங்களாம், நைலான் சேலதான்னு. நான் ஒரே வீட்டுல இருக்கேன். நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலியே அண்ணி" என்றேன்.

"நீயா ஊத்திக்கிட்டியான்னு கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா? அப்புறம் நான் எப்படிடி தூங்குறது?" என்றார்.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தார். நெருப்புப் பெட்டியை அடுப்பு மேல் வைத்துவிட்டு, "எனக்கும் சேத்து ஒரு டீ போடு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். நான்கு குச்சி வீணாயிற்று. சீனி போட மறந்துவிட்டேன். அவர் அப்படியே குடித்தார்.

நீங்கள் செய்தது தவறுதான். இதனால் அது சரியாகிவிடாது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பதினாலாம் தேதியைப் பற்றி ஒன்றும் தீர்மானிக்கவில்லை. அண்ணனுக்கு அந்த வாரம் ஜொகூர். அண்ணியால் பஸ் ஏற முடியாது. தனியாக வந்து, அந்தக் கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்லி, அந்தப் பார்வையைத் தனியாகப் பார்க்க என்னால் முடியுமா தெரியவில்லை. நீங்கள் காத்திருக்க வேண்டாம். வெயிலில் நின்றால் மறுபடி தலை சுற்றும்.

கங்கா


கொப்பரைத் தோட்டம்.
10.11.1985

கங்கா ஆயிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன்னை அம்பாங் பெச்சாவில் விட்டுவிட்டு வரும்போது கடைசி பஸ்ஸைப் பிடித்தேன். பஸ்ஸில் நான்தான் ஒரே ஆள். வீட்டுக் கதவைத் திறந்தபோது வீடு கொஞ்சம் பெரிதாகிவிட்டது போல இருந்தது.

நடந்ததையெல்லாம் எழுதி வைக்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுதினால் எனக்கு இன்னொரு தரம் நடக்கிறது.

அன்றைக்கு முதல் பஸ் வந்தது, நீ இல்லை. இரண்டாவது வந்தது, நீ இல்லை. குடையை மடக்கினேன். அப்புறம் வந்ததில் எல்லோரும் இறங்கிய பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு பச்சைப் பருத்திச் சேலை இறங்கியது. என் முகத்தை நீ பார்க்கவில்லை, உன்னால் முடியாது. என் செருப்பைப் பார்த்து, "வார் அறுந்திருக்கு தாத்தா" என்றாய்.

வார்டு நர்ஸ் மிஸ்ஸி கேட்டார், எப்படிப் பட்டது என்று. நீ அடுப்பு என்றாய். அவர் பேனாவை நிறுத்தி உன்னைப் பார்த்தார். நீ பயந்த அந்தப் பார்வை அதுதான் போல. நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் நீயே சொன்னாய்: "எரியுற அடுப்புல எண்ணெ ஊத்துனேன் மிஸ்ஸி. நைலான் சேல கட்டியிருந்தேன். நான் செஞ்ச தப்பு அவ்ளோதான்." எவ்வளவு சத்தமாகச் சொன்னாய். என்னைவிடக் கணீரென்று இருந்தது. அந்த மிஸ்ஸி, "எங்க அம்மாவும் அப்பிடித்தான் ஊத்துவாங்க, சொன்னா கேக்கமாட்டாங்க லா" என்று எழுதிக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க யாரு, சொந்தமா?" என்றார். "கடுதாசி எழுதிக்கிறவங்க" என்றேன். ஏன் அந்த அம்மாள் அப்படிச் சிரித்தார் என்று இன்னும் தெரியவில்லை.

ஆப்பரேஷன் முடிந்து, உன்னை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் நீ தூங்கிவிட்டாய். கழுத்தில் டாக்டர் மாட்டிய அந்தப் பட்டையோடு எப்படிச் சாய்வாய் என்று யோசித்துக்கொண்டிருந்தேன், நீயே என் தோலில் சாய்ந்துவிட்டாய். பட்டையின் விளிம்பு குத்தியது. நான் அசையவில்லை. ரவாங் தாண்டும்போது உன் பழைய தொழிற்சாலை வந்தது, உன்னை எழுப்பவில்லை. என் பிள்ளையாக யாரும் இதுவரை என் தோலில் தூங்கியதில்லை. எனக்கும் வள்ளியம்மாவுக்கும் பிள்ளை இல்லை என்று உனக்குச் சொன்னேனா. சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

தீபாவளிக்கு அன்னம்மா பலகாரம் தருவாள். சுவருக்கு மேலே தட்டை நீட்டுவாள்.

ஐயாவு


அம்பாங் பெச்சா.
24.11.1985

அன்புள்ள தாத்தா,

இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படியுங்கள். அன்னம்மா அக்காவுக்கும் கேட்கட்டும். முதலில் அவரிடம் சொல்லுங்கள்: தங்கையிடம் சொன்னதற்கு எனக்குக் கோபம் இருந்தது, இப்போது இல்லை.

கழுத்தில் வைத்த தோல் பிடித்துவிட்டது. ஓர் ஓரத்தில் மட்டும் காசளவு நிற்கவில்லை, தானாக மூடிக்கொள்ளும் என்கிறார்கள். எடுத்த இடத்தில், தொடையில், கழுத்தைவிட வலி. பட்டையை மாதக்கணக்கில் கட்டியிருக்க வேண்டும், கழற்றினால் மறுபடி இழுத்துக்கொள்ளுமாம். பழைய கழுத்து வராது, அதையும் சொல்லிவிட்டார்கள். ஆனால் இப்போது எதிரில் நிற்பவர் முகம் தெரிகிறது. எதிர்வீட்டுக் கூரை வரைக்கும் தெரிகிறது. அதற்கு மேலே இன்னும் இல்லை.

அண்ணிக்குப் பெண் பிறந்திருக்கிறது. தீபாவளி அன்று விடியற்காலையில் விளக்கை நான்தான் ஏற்றினேன். ஒரே குச்சி. பருத்திச் சேலை. அண்ணி குழந்தையோடு படுத்திருந்தார். எழுந்து வந்து பார்க்கவில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு பிழை. 'என் தோலில் சாய்ந்துவிட்டாய்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எழுதச் சொன்ன பத்தும் எங்கே போயின தாத்தா. சிவப்புப் பேனாவை எடுத்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன். அது அப்படியே இருக்கட்டும்.

பொங்கலுக்கு வாருங்கள். அண்ணியும் வரச் சொன்னார். செருப்பு வாரை மாற்றிக்கொண்டு வாருங்கள்.

கங்கா

இதுவரை சத்தமாக. இனி வருகிற ஒரு வரியை மட்டும் வாய்க்குள் படியுங்கள்.

அன்று பஸ்ஸில் நான் தூங்கவில்லை, தாத்தா.